எண்ணெய்க் கையும் பர்மா யுத்தமும்

சங்கரபாண்டி கிழக்கே சுரண்டையைத் தாண்டியதில்லை. வடக்கே சிவகிரியைத் தாண்டியதில்லை. மேற்கே ஒரே ஒரு தடவை செங்கோட்டை வரைக்கும் போனார். அங்கே சுங்கச் சவுக்கையில் திருவாங்கூர்ச் சிப்பாய் பையைத் திறந்து காட்டச் சொன்னதும் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார். அப்பேர்ப்பட்டவர் 1943-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் பர்மா யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் ‘ஐராவதியில் இரத்தம்’. சனிக்கிழமைதோறும் ஒரு சஞ்சிகை. தென்காசி ரத வீதியில் தளவாய் அண்ணாச்சியின் அச்சாபீஸில் அச்சாகி வந்தது. காகிதக் கட்டுப்பாட்டுக் காலம் என்பதால் எட்டே பக்கம்தான். அந்த எட்டுப் பக்கத்துக்காகச் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே அச்சாபீஸ் வாசலில் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்தால் கோயில் தேர் திரும்ப இடமில்லாமல் ஒரு வருஷம் தேரோட்டமே தள்ளிப்போனது என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை, ஒரு நாள்தான் தள்ளிப்போயிருக்கும்.

சங்கரபாண்டியின் பர்மாவில் ஆனி பிறந்தால் சாரல் அடித்தது. ஐராவதி நதி சிற்றாற்றைப் போலவே வளைந்து வளைந்து போனது. அகலம் மட்டும் கொஞ்சம் கூடுதல். மாண்டலே அரண்மனைக் கோபுரம் நட்ட நடுவில் இரண்டாகப் பிளந்து நின்றது. அவருக்குத் தெரிந்த ஒரே பெரிய கோபுரம் தென்காசி விசுவநாதர் கோபுரம்தான், அது அப்படித்தான் நின்றது. கதாநாயகி மா மியா வெள்ளிக்கிழமை தவறாமல் அரப்புத் தேய்த்துக் குளித்தாள். இதிலெல்லாம் யாரும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொன்னவர் தளவாய் அண்ணாச்சி, அதுவும் வேறு விஷயத்தில்.

“ஏ சங்கரபாண்டி, அஞ்சு வாரமா குண்டு விழுதுப்பா. யாரு போடுதா, யாரு மேல போடுதா, எதுக்குப் போடுதா?”

“யுத்தம்னா குண்டு விழத்தான அண்ணாச்சி செய்யும்?”

“விழட்டும். அந்த நாட்டுக்காரன் எந்தச் சாமியக் கும்பிடுதான்? எந்தக் கட்சிக்காரன்? எவன் எவங்கூட முறைச்சுக்கிட்டு நிக்கான்? ஒண்ணும் தெரியலயே. அரசியல் பின்னணின்னு ஒண்ணு, மதப் பின்னணின்னு ஒண்ணு, ரெண்டும் வேணும். அடுத்த வாரத்துக்குள்ள எழுதிக் கொண்டா. இல்லன்னா ஒங் கதைய நிறுத்திட்டுப் பஞ்சாங்கம் அடிச்சிருவேன்.”

பஞ்சாங்கத்துக்கு அடுத்த இடத்தில் தன் நாவல் இருப்பது சங்கரபாண்டிக்குப் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு குற்றாலம் ஐந்தருவிக்கு வண்டி ஏறினார்.

ஐந்தருவியில்தான் அவருடைய மெய்யான வாசகர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். அருவிக்குப் போகும் வழியில் மரத்தடியில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, அது ஊறும் வரைக்கும் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பவனுக்குக் கதை வேண்டும். ஆனால் எண்ணெய்க் கையால் சஞ்சிகையைத் தொட்டால் தாள் கண்ணாடியாகிவிடும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் தெரிந்து, மா மியாவின் காதல் வசனத்தை ஜப்பான் தளபதி பேசுவான். அதனால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது: எண்ணெய் தேய்த்தவன் தாளைத் தொடக்கூடாது. எண்ணெய்க் கடை இசக்கிப்பாண்டி ஒருவர்தான் அன்றைக்குக் கையில் எண்ணெய் படாமல் விலகி நின்று, கிடைத்த ஒரே பிரதியை உரக்க வாசிப்பார். அவர் வாசிக்கும்போது அருவியே கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சங்கரபாண்டிக்கு மட்டும் தெரியாது. அந்த எண்ணெய்க் கூட்டத்தில் ஒருவர்கூட அதைக் கதை என்று நினைக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பாதிக் குடும்பங்களுக்குப் பர்மாவில் ஆள் இருந்தது. கப்பல் நின்றுவிட்டது, தபால் நின்றுவிட்டது. பத்திரிகையில் வருவதை சென்சார் வெட்டிவிடுகிறான். ஆக, சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு எங்கிருந்தோ ரகசியமாகத் தகவல் வருகிறது. அதை அப்படியே எழுதினால் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்பதால் நாவல் என்று பெயர் வைத்து எழுதுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு வாரம் எட்டாவது பக்கத்தில் ஒரு பாலம் இடிந்தது. மறுநாள் தென்காசி அரிசி மண்டிக்காரர் ஒருவர் யுத்தம் நெருங்கிவிட்டது என்று கடையையே அடைத்துவிட்டார். சங்கரபாண்டி பதறிப்போய், “அய்யா, எல்லாம் என் கற்பனை” என்றார். “ஆமா அண்ணாச்சி, கற்பனைதான். நாங்க யாருகிட்டயும் மூச்சு விட மாட்டோம்” என்று கண்ணைச் சிமிட்டினார்கள்.

மரத்தடிக்கு எதிரே ஜன்னத்தின் வடைக்கடை. ரங்கூனில் டீக்கடை வைத்திருந்த மீரானின் மனைவி. போன வருஷம் குண்டுக்குப் பயந்து புறப்பட்ட கூட்டத்தோடு மலையேறி நடந்தே வந்து சேர்ந்தவள். கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று சொன்ன மீரான் வரவில்லை. அவள் நடந்து வந்த வழியில் முதலில் ஒரு புலி இருந்தது. சீசன் தொடங்கியபோது மூன்று ஆயிற்று. இப்போது புலிகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று அகதிகளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தன.

சங்கரபாண்டி பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

“ஜன்னத்து, பர்மாவுல அரசியல் எப்படிம்மா?”

“எங்க தெருவுல தண்ணிக் குழா ஒண்ணுதான் அண்ணாச்சி. காலம்பற அங்கன போய் நின்னா அரசியல் தெரியும்.”

“அது சின்ன அரசியல். பெரிய அரசியல சொல்லு.”

“பெரிய அரசியல்னா காலேசுப் பயலுவதான். எல்லாவனும் பேருக்கு முன்னால எசமான்னு போட்டுக்கிடுவான். வெள்ளக்காரனை எசமான்னு கூப்பிட மாட்டோம், எங்க நாட்டுக்கு நாங்கதான் எசமான்னு சொல்லுவானுவ. எங்க கடையில டீயக் குடிச்சிட்டு கிளாச அப்படியே போட்டுட்டுப் போறவனும் எசமான்தான்.”

சங்கரபாண்டி எழுதியதை அடித்தார். “இதப் போட்டா ஒருத்தனும் நம்ப மாட்டான். ஊரே எசமான்னா கும்பிடுததுக்கு ஆளு வேண்டாமா? சரி, மதம்?”

“விடியவும் மஞ்சத்துணி சாமியாருவ திருவோட்ட ஏந்திக்கிட்டு வரிசையா வருவாங்க. வாயே தெறக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரரு சோறு போடுவாரு. வெள்ளிக்கிழம பள்ளிவாசலுக்குப் போவாரு. மாரியம்மன் கோயில் கொடைக்குப் பந்தலும் போடுவாரு. வியாபாரம்லா.”

“சண்டையே கிடையாதா?” சங்கரபாண்டியின் குரலில் ஏமாற்றம் இருந்தது.

ஜன்னத் வடையைத் திருப்பிப் போட்டாள். “வந்துது. ஒரு புஸ்தகத்தால வந்துது. யாரோ எப்பமோ எழுதிப் போட்டது. அதத் தூக்கிக் கூட்டத்துல யாரோ வாசிச்சுட்டான். தெருவெல்லாம் வெட்டு. எங்கள எதுத்த வீட்டு பர்மாக்காரிதான் அரிசி மூடைக்குப் பின்னால ஒளிச்சு வச்சா.”

“அதுல என்னதான் எழுதியிருந்துதாம்?”

“வாசிச்சவனுக்கே தெரியாதாம். கேட்டவனுக்குத்தான் தெரியும்.”

இதையும் அவர் அடித்துவிட்டார். ஒரு புத்தகத்துக்காக மனிதர்கள் வெட்டிக்கொள்வார்கள் என்பதைப் புத்தகம் எழுதுகிறவரால் நம்ப முடியவில்லை. அவர் புத்தகத்துக்காக யாரும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. கடைசியில் மீரானைப் பற்றி அவள் சொன்னது மட்டும் தாளில் மிஞ்சியது. இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பான். கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு டீயை ஓர் ஆள் உயரத்திலிருந்து ஆற்றுவான். எந்த முக்கியமான காரியத்துக்கு நடுவிலும் வெற்றிலை வாங்கப் போய்விடுவான்.

அரசியல் பின்னணியையும் மதப் பின்னணியையும் சங்கரபாண்டி சொந்தமாகவே போட்டார். மாண்டலே பகோடாத் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று மேலவீட்டுக்காரர்களுக்கும் கீழவீட்டுக்காரர்களுக்கும் மூன்று தலைமுறையாகப் பகை. கீழவீட்டுக்காரர் வெள்ளைக்காரனிடம் முறையிட, மேலவீட்டுக்காரர் ஜப்பான்காரனுக்கு ஆள் அனுப்ப, அப்படி மூண்டதுதான் பர்மா யுத்தம் என்று எழுதினார். தளவாய் அண்ணாச்சி வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்பம் வெளங்குது. பரிவட்டத்துல கை வச்சா பெறகு குண்டு விழாதா?”

தென்காசி முழுக்க அதே அபிப்பிராயம். புத்தர் கோயிலில் ஏது பரிவட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் ஐந்தருவியில் கூட்டத்தைக் கட்டிப்போட்டது பரிவட்டம் இல்லை, மீரான். சங்கரபாண்டிக்கு வேறு பெயர் தோன்றவில்லை, அப்படியே வைத்துவிட்டார். இசக்கிப்பாண்டி, “அப்போது இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வந்த டீக்கடை மீரான்” என்று வாசித்ததும் மரத்தடியில் இருந்த எண்ணெய்த் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வடைக்கடைப் பக்கம் திரும்பின. ஜன்னத் ஜல்லிக்கரண்டியோடு நின்றாள்.

“ஜன்னத்து, ஒம் மாப்பிள்ள நல்லாருக்காரும்மா. ஜப்பான்காரனுக்கு டீ ஆத்திக் கொடுத்திருக்காரு. அவன் ரெண்டாவது கிளாசும் கேட்டிருக்கான்.”

அன்றைக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு வடை இலவசம்.

அவளுக்கு அது வெறும் சந்தோஷமில்லை. மீரானின் அண்ணன் காசிம் சுரண்டையில் இருந்தார். தம்பி இறந்துதான் போயிருப்பான், இனியும் காத்திருப்பது முறையில்லை, ஜன்னத் இத்தா இருக்க வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முறை அது. சீசன் போய்விடும், கடை போய்விடும். அது முடிந்ததும் தன் மைத்துனனுக்கு அவளைக் கட்டிவைத்துவிடலாம் என்பதும் காசிமின் எண்ணம். சஞ்சிகையில் மீரான் வந்த நாள் முதல் காசிம் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அச்சில் வந்துவிட்டதே, என்ன செய்ய முடியும்?

ஆடி மாதம் தளவாய் அண்ணாச்சி இன்னொரு யோசனை சொன்னார். “யாராவது சாகணும்ப்பா.”

“யாரு அண்ணாச்சி?”

“முகந்தெரியாதவன் செத்தா எவன் அழுவான்? மீரானப் போடு.”

சங்கரபாண்டி தயங்கினார். தயங்கிக்கொண்டே எழுத உட்கார்ந்தார். எழுத எழுத மரணம் பிரமாதமாக வந்தது. எட்டுப் பக்கத்தில் ஏழு பக்கம் மீரான் இறந்துகொண்டே இருந்தான். எழுதிய அவரே இரண்டு துண்டு நனைய அழுதார். அச்சுக் கோத்தவர் கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் முகத்தைக் கழுவிக் கழுவிக் கோத்தார். கோத்துவிட்டுப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சேதி சுரண்டைக்கே போய்விட்டது.

ஜன்னத் அன்று சாயங்காலம் அச்சாபீஸுக்கு வந்தாள். சங்கரபாண்டி மடித்த சஞ்சிகைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“எங்க வீட்டுக்காரரக் கொன்னுட்டீயளாமே அண்ணாச்சி.”

“நாவல்லதாம்மா.”

“நாவல்ல செத்தவரை வெளிய நான் எப்படி உசுரோட வச்சுக்கிட முடியும்? நாளைக்குச் சுரண்டையிலருந்து பெரிய மச்சான், செத்தவருக்கு ஓதப் பள்ளிவாசல் லெப்பையக் கூட்டிட்டு வாறாரு. நீங்க கொன்னு முடிக்கவும் என்னய வண்டியில ஏத்திருவாரு.”

“அடிச்சு முடிச்சாச்சு ஜன்னத்து. வேற காகிதம் கெடையாது. நான் என்ன செய்ய?”

ஜன்னத் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“மெய்யாவே மவுத்தாயிருந்தா நான் இத்தா இருப்பேன். மாட்டேன்னு சொல்லல. மையில மவுத்தானதுக்கு இருக்க மாட்டேன். ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு இசக்கிப்பாண்டி அண்ணாச்சி வாசிக்க வேண்டாம். நீங்களே வந்து எம் முன்னால வாசிங்க. கொல்லுத ஆளு மொகத்த நான் பாக்கணும்லா.”

சனிக்கிழமை ஐந்தருவியில் அப்படியொரு கூட்டம். மேலே பாறையில் இருந்த குரங்குகள்கூட எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருந்தன என்று இசக்கிப்பாண்டி பிற்பாடு சத்தியம் செய்தார். சுரண்டையிலிருந்து கரிவாயு பஸ் வந்து நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடும் வண்டி. அதிலிருந்து இறங்கிய காசிமும் லெப்பையும் அண்டங்காக்கை மாதிரி இருந்தார்கள்.

“பெரிய மச்சான், மூஞ்சியெல்லாம் கரி,” என்றாள் ஜன்னத் மரியாதையாக. “வாசிக்கதுக்கு இன்னும் நேரமிருக்கு. எண்ணெ தேச்சுக்கிடுங்க. லெப்பை அவுகளுக்கும் சொல்லியிருக்கேன்.”

மறுப்பதற்குள் இரண்டு பேர் தலையிலும் ஆழாக்கு எண்ணெய் இறங்கிவிட்டது. அவள் யோசித்துத்தான் செய்தாளா, உபசாரமாகச் செய்தாளா என்று சங்கரபாண்டிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவர் சஞ்சிகையைப் பிரித்தார். இசக்கிப்பாண்டி பின்னால் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் வாசித்தார். விமானம் வந்தது. சங்கு ஊதியது. ரங்கூன் தெருவில் ஜனங்கள் ஓடினார்கள். கடைக்குள் மீரான் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். குண்டு விசிலடித்தபடி இறங்கியது.

அவர் தலையைத் தூக்கினார். ஜன்னத் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சட்டியில் வடை கருகி வாடை வந்தது. அவள் திரும்பவில்லை.

அடுத்த வரி, அவர் வாழ்நாளில் எழுதிய வரிகளிலேயே ஒசத்தியான வரி, கண்ணுக்கு முன்னால் கறுப்பாக இருந்தது. சங்கரபாண்டி அதை ஒருமுறை மனசுக்குள் வாசித்துக்கொண்டார். பிறகு வாய்விட்டு வாசித்தார்:

“கடைமேல் குண்டு விழுந்தது. கெட்டில் தூள்தூளாயிற்று. ஆனால் மீரான் அங்கே இல்லை. அவன் வெற்றிலை வாங்கப் போயிருந்தான்.”

மரத்தடியில் பெருமூச்சு கிளம்பியது. அந்தக் காற்றில் ஈரத் துண்டுகள் ஆடின. சங்கரபாண்டி ஏழு பக்கத்தையும் நிரப்பியாக வேண்டும். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே தாளில் இல்லாததையெல்லாம் வாசித்தார். மீரான் வெற்றிலைக்கடையிலிருந்து ஒரு மரம் இழுக்கும் யானைமேல் ஏறினான். யானை ஐராவதியை நீந்திக் கடந்தது. அக்கரையில் மஞ்சள் துணிச் சாமியார்கள் அவனை மடத்தில் வைத்துச் சோறு போட்டார்கள். எசமான் என்று பெயர் வைத்துக்கொண்ட கல்லூரிப் பையன் ஒருவன், பழைய டீ பாக்கிக்காகக் காவலுக்கு நின்றான். அடித்துப்போட்ட பின்னணியெல்லாம் அன்றைக்குத்தான் உபயோகத்துக்கு வந்தது.

இசக்கிப்பாண்டி தாளைப் பார்த்தார். சங்கரபாண்டியின் வாயைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

காசிம் எழுந்து நின்றார். “அவன் மவுத்துன்னுல்லா சொன்னாங்க. அந்தத் தாள இங்கன கொடும். நான் பாக்கணும்.”

“எண்ணெய்க் கை, எண்ணெய்க் கை” என்று மரத்தடி முழுக்க ஒரே முணுமுணுப்பு. காசிம் கையைத் துண்டில் துடைத்தார். துண்டில் கையைவிட அதிக எண்ணெய் இருந்தது.

“இசக்கிப்பாண்டி, நீரு பாத்துச் சொல்லும்,” என்றார் காசிம். “அப்படித்தான் போட்டிருக்கா?”

இருபது வருஷம் எண்ணெய் வியாபாரத்தில் கலப்படமே செய்ததில்லை என்று பெயரெடுத்த இசக்கிப்பாண்டி தொண்டையைக் கனைத்தார். “எழுத்துக்கு எழுத்து சரியாத்தான் வாசிக்காரு.”

காசிம் அப்படியே உட்கார்ந்தார். தாடியிலிருந்து எண்ணெய் சொட்டியது.

“வெத்தலை வாங்கவா போனான்?”

“ஆமா,” என்றார் சங்கரபாண்டி.

“அவன் போவான். எங்க வாப்பா மவுத்தன்னைக்கும் வெத்தலை வாங்கப் போய்ட்டு, தூக்கப்போற நேரத்துலதான் வந்தான்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், எண்ணெய் கண்ணில் பட்டிருக்கும். “அவனுக்கு ஒரு பாத்திஹா ஓதாமக் கெடக்கேன்னுதான எனக்குத் தூக்கம் வரல. வேற என்ன?”

“உசுரோட இருக்கவனுக்கு நான் ஓத முடியாது” என்று லெப்பை எழுந்து அருவிக்குப் போய்விட்டார். காசிம் ஜன்னத்திடம், “வடை கருகுது பாரு” என்றார்.

தென்காசியில் உலர்ந்த கையோடு சஞ்சிகை வாங்கியவர்களுக்கு மீரான் இறந்துவிட்டான். மூன்று மைல் தள்ளிக் குற்றாலத்தில் அவன் யானைமேல் போய்க்கொண்டிருந்தான். இரண்டு ஊருக்கும் பேச்சு முற்றியது. தென்காசிக்காரர்கள் அச்சைக் காட்டினார்கள். குற்றாலத்துக்காரர்கள் அசையவில்லை: அச்சில் இருப்பது சென்சார் செருகியது, அண்ணாச்சி நேரில் வந்து வாசித்ததுதான் மெய், இல்லையென்றால் தென்காசியிலிருந்து மெனக்கெட்டு அவர் ஏன் வர வேண்டும்? இதில் இரண்டு கல்யாணம் நின்றுபோயிற்று. ஓர் அண்ணன் தம்பி வயலுக்கு நடுவில் வரப்புப் போட்டுக்கொண்டார்கள். தளவாய் அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “யுத்தத்துக்குப் பின்னணி எப்படி வருதுன்னு இப்பந்தான் எனக்குப் புரியுது” என்றார். அடுத்த வாரமே மீரானை அச்சிலும் உயிரோடு எழுப்பச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாவலை முடிக்க முடியவில்லை. மா மியாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன, ஜப்பான் தளபதி வயதாகி வேலையை விட்டான். மீரான் மட்டும் அக்கரையில் புதுக் கடை போட்டு டீ ஆற்றிக்கொண்டே இருந்தான்.

சீசன் முடிந்தது. சாரல் நின்றது, அருவி நூலாயிற்று, மரத்தடியில் ஆள் இல்லை. இசக்கிப்பாண்டி கடையைக் கட்டிவிட்டார். ஜன்னத்தின் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சங்கரபாண்டி சனிக்கிழமை வண்டி பிடித்து வந்து, அச்சுக்குப் போகாத கைப்பிரதியை அவளுக்கு வாசித்தார். அந்த அத்தியாயத்தில் குண்டு இல்லை, யானை இல்லை. விடிகிறது. மீரான் கடையைத் திறக்கிறான். அடுப்பைப் பற்றவைக்கிறான். நேற்றைய டம்ளர்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான்.

ஜன்னத் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டம்ளரை அவரு கழுவ மாட்டாரு,” என்றாள். “எந்தக் காலத்துலயும் நாந்தான் கழுவுவேன். அத எடுத்துருங்க.”

சங்கரபாண்டி பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார்.

“பெறகு?” என்றாள்.

“டம்ளரெல்லாம் கழுவாமக் கெடக்கு.”

“கெடக்கட்டும்,” என்றாள் ஜன்னத். “நீங்க மேல வாசிங்க.”